மூன்றங்குலச் சுவரும் இராஜம்மா அப்பளமும்

கிள்ளான் ரயில் ஸ்டேசனுக்குப் பின்னால் இருந்த செட்டியார் வரிசையில், 1973 முதல் 1990 வரை, நாகையாவின் கோபத்தில்தான் அப்பளம் காய்ந்தது. வெயிலில் காய்ந்த அப்பளத்தைவிட அது ஒரு மாதம் கூடுதலாகக் கெடாமல் இருந்தது என்று மளிகைக்கடை வேலாயுதம் சொல்வார். வேலாயுதம் பொய் சொல்லக்கூடியவர்தான். ஆனால் அப்பள விஷயத்தில் சொன்னதில்லை.

அந்த வரிசையில் பத்து வீட்டுக்கான இடத்தில் சோமசுந்தரம் செட்டியார் பதினாறு வீடு கட்டியிருந்தார். இடத்தை மிச்சம் பிடித்ததெல்லாம் சுவரில்தான். செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிமிர்த்திவைத்து அடுக்கியதில், பூச்சோடு சேர்த்துச் சுவரின் கனம் மூன்று அங்குலம். ஒரு வீட்டில் கடுகு வெடித்தால் அடுத்த வீட்டுக்காரி கறிவேப்பிலையைத் தேடுவாள். ஏழாம் வீட்டில் நாகையாவும் அவர் மனைவி மாரியாயியும் இருந்தார்கள். மேருவில் ஒரு ரப்பர் சிலிப்பர் தொழிற்சாலையில் நாகையாவுக்கு இரவு வேலை. பட்டையாக வரும் ரப்பரை அச்சுக்குள் தள்ளிக் கையை எடுத்தால், மேலிருந்து இரும்புத் தட்டு இறங்கிச் செருப்பை வெட்டும். கையை எடுப்பதுதான் அந்த வேலையின் முக்கியப் பகுதி. சாயங்காலம் ஆறு மணிக்குத் தொழிற்சாலை பஸ் வரும், காலை ஏழரைக்குக் கொண்டுவந்து விடும். குளித்துச் சாப்பிட்டு எட்டரைக்குப் படுப்பார். கட்டில் போட அந்த வீட்டில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது, எட்டாம் வீட்டுச் சுவரை ஒட்டி. ஒன்பது மணிக்கு எட்டாம் வீட்டில் இராஜம்மா உலக்கையைத் தூக்குவாள்.

அப்பள மாவு இடிக்கிற சத்தம் அறியாதவர்களுக்காகச் சொல்லவேண்டியிருக்கிறது. பிரண்டைச் சாற்றில் பிசைந்த உளுந்து மாவை இரும்புலக்கையால் ஒன்றரை மணி நேரம் சாத்த வேண்டும். ஒரு குத்துக் குறைந்தாலும் அப்பளம் விண்டுபோகும். இராஜம்மா குறைக்கிறவள் அல்ல. அவள் புருஷன் ஜெயராஜ் மரலோரி ஓட்டினான், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருப்பான், அந்த இரண்டு நாளும் உலக்கைச் சத்தத்தை அமுக்க ரேடியோவை முழுக்கத் திருகிவைப்பான். மூன்று பிள்ளைகள் இரண்டையும் அமுக்கக் கத்துவார்கள். நாகையா காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார். தலையணையைத் தலைக்குமேல் போட்டுப் பார்த்தார். கடைசியில் சட்டையை மாட்டிக்கொண்டு போய் எட்டாம் வீட்டு வாசலில் நின்றார்.

"இராஜம்மா, மனுசன் தூங்க வேணாமா?"

"தூங்குங்கண்ணே, நான் வேணாம்னா சொல்றேன்? மாவு இடிக்காம அப்பளம் வராதுலா."

மரியாதைக்கு ஒரு கோணிப்பையை மடித்து உரலுக்கு அடியில் போட்டாள். டங் டங் என்பது தம் தம் என்று ஆனது. செட்டியாரிடம் போனார். "சத்தம்தானே நாகையா? கூரை ஒழுகினாச் சொல்லு, ஆள் அனுப்பறேன்" என்றார் செட்டியார்.

வேறு வீடு பாரேன் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு என்ன? நாகையாவின் அடையாள அட்டை சிவப்பு. காப்பாருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர்தான், இந்த மண்ணைத் தவிர வேறு மண்ணை மிதித்ததில்லை. ஆனால் பிள்ளை பிறந்ததைப் பதியவேண்டும் என்று அவருடைய அப்பனுக்கு யாரும் சொல்லவில்லை, தோட்டத்து ஆஸ்பத்திரிப் புத்தகத்தை ஜப்பான்காரன் காலத்தில் கரையான் தின்றுவிட்டது. சூராட் பெரானாக் என்கிற பிறப்புப் பத்திரம் இல்லாததால் குடிமகனுக்குரிய நீல அட்டை இல்லை. நீல அட்டை இல்லாததால் மலிவுவிலை வீட்டுக்கு மனுக் கொடுக்க முடியாது, வங்கியில் கடனுக்கு நிற்க முடியாது, வேலை செய்யவே தனியாகப் பெர்மிட் வேண்டும். செட்டியார் வரிசையின் வாடகைக்கு ஊரில் மாட்டுக்கொட்டகைகூடக் கிடைக்காது. ஆகவே நாகையா அசைய முடியாதவராக, சுவருக்கு முதுகைக் கொடுத்துப் படுத்து, கோபப்பட்டார். எழுந்து கத்துகிற கோபம் அல்ல. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி, காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை நிற்காமல் படுகிற கோபம்.

அந்தக் கோபம் சுவருக்குள் போய் மறுபக்கம் சூடாக வந்தது. நாகையாவின் பக்கம் சுவர் எப்போதும்போலக் குளிர்ந்தே கிடந்ததால் அவருக்கு இது தெரியாது. 1973 நவம்பரில் பதினோரு நாள் விடாமல் மழை பெய்து, தேய்த்த அப்பளமெல்லாம் பூசணம் பிடித்துக் கிடந்தபோது, தலையில் கை வைத்துச் சுவரில் சாய்ந்த இராஜம்மா முதுகு சுட்டு எழுந்தாள். ஈர அப்பளம் ஒன்றை வறட்டி தட்டுவதுபோலச் சுவரில் ஒட்டிப் பார்த்தாள். கால் மணியில் காய்ந்து தானாகக் கீழே விழுந்தது. அவள் பூசாரியைக் கூப்பிடவில்லை. சுவரை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவி, முந்நூறு அப்பளம் ஒட்டினாள்.

மற்றவர்கள் மழைக்குப் பயந்து வேலையை நிறுத்திய மாதங்களில் இராஜம்மாவுக்குக் கைகொள்ளாத வேலை. இடிக்க இடிக்க நாகையாவுக்குக் கோபம், கோபம் ஏற ஏற அப்பளம் காய்ந்தது, காயக் காய இன்னும் அதிகமாக இடித்தாள். எந்தச் சத்தத்துக்கு எவ்வளவு சூடு என்று அவளுக்கு அத்துப்படியானது. பிள்ளைகள் கோலி உருட்டினால் இளஞ்சூடு, ரேடியோவுக்கு நடுத்தரம், உலக்கைக்கு நல்ல சூடு. ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று அள்ளினாள். வரிசையில் பதினைந்து வீட்டுக்கும் இது தெரியும், மாரியாயிக்கும் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கட்டு அப்பளம் இனாமாக வந்ததால் அவள் வாயைத் திறக்கவில்லை. பொரித்துச் சாம்பாரோடு வைப்பாள். "கட்டையில போறவ, அப்பளத்த மட்டும் நல்லாப் பண்றா" என்று நாகையா நொறுக்கித் தின்பார். ஒரு மனிதனைத் தூங்கவிடாமல் அடித்து அந்தச் சூட்டில் ஊரே சாப்பிடுவது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம் என்று அப்போது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

1976 மார்ச்சில், தொழிற்சாலையில் நாகையாவின் கண் ஒரு நொடி சொக்கியது. இரும்புத் தட்டு இறங்கியது. இடது கையில் இரண்டு விரல்கள் போயின. சூப்பர்வைசர் மூன்று வாரம் லீவு கொடுத்து, இன்னொரு தடவை தூங்கினால் வேலை இல்லை என்றார். சிவப்பு அட்டைக்காரனுக்கு இன்னொரு தொழிற்சாலை பெர்மிட் எடுத்துத் தரப்போவதில்லை, இருக்கிற எட்டு விரலுக்கும் அந்த மிஷின் உத்தரவாதம் தரப்போவதில்லை. இனிமேல் தூக்கம் என்பது நாகையாவுக்குச் சுகமல்ல, கை. கட்டுப்போட்ட கையோடு வீட்டுக்கு வந்து படுத்தார். ஒன்பது மணிக்கு உலக்கை விழுந்தது.

அன்று எட்டாம் வீட்டில் அப்பளம் காயவில்லை, எண்ணெயே இல்லாமல் பொரிந்தது. சுவர் முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக உப்பிச் சிவந்து, கருகி, வாசம் தெருவரைக்கும் போனது. நாகையா எழுந்து வந்து, மூன்று வருடத்தில் முதல்முறையாக எட்டாம் வீட்டுக்குள் நுழைந்து, தன் சுவரின் மறுபக்கத்தைப் பார்த்தார்.

"என்ன இது?"

இராஜம்மா மழுப்பவில்லை. "ஒங்க கோவம்தாண்ணே."

"மூணு வருசமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லத் தோணல?"

"சொல்லி, நீங்க சிரிச்சிட்டா எம்பொழப்பு போயிரும்லண்ணே."

அப்போதுதான் அவள் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். எத்தனை விரல் என்று கேட்டாள். சொன்னார். உலக்கையைச் சுவரோரம் சாத்திவைத்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நாகையா அந்த உலக்கையை எடுத்திருப்பார். ஒப்பந்தம் அங்கேயே முடிவானது. மதியம் மூன்று மணிவரை எட்டாம் வீட்டில் உலக்கை, ரேடியோ, கோலி எதுவும் கிடையாது. மூன்று மணிக்குமேல் அவள் எவ்வளவு வேண்டுமானாலும் இடிக்கலாம். பஸ் வரும்வரை நாகையா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தன் பங்கைச் செய்வார். அவள்மேல் அவருக்கு இரக்கம் வந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். பட்டினி கிடக்கும் மூன்று பிள்ளைகளின் அழுகை உலக்கையைவிட நன்றாகக் கேட்கும் என்று கணக்குப் போட்டார்.

முதல் வாரம் நாகையா பிணம்போலத் தூங்கினார். ஐந்தாம் நாள் மூன்றரை மணிக்கு இராஜம்மா வாசலில் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "அண்ணே, சுவரு சில்லுன்னு கெடக்கு."

நாகையாவுக்கு வெட்கமாக இருந்தது. ஒப்புக்கொண்ட வேலையில் அவர் குறை வைத்ததில்லை. கண்ணை மூடி உலக்கைச் சத்தத்தை உற்றுக் கேட்டார், கோபம் வரவில்லை. பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்து கடிதக் கோப்பு ஒன்றை எடுத்தார். நீல அட்டைக்கு அவர் போட்ட மனுக்களும் வந்த பதில்களும் அதில் இருந்தன. பிறப்புப் பத்திரம் இல்லை. சாட்சி சொன்னவர் இறந்துவிட்டார். புகைப்படம் பழையது. புகைப்படம் புதியது, மனுவில் உள்ள முகத்தோடு ஒத்துப்போகவில்லை. ஒவ்வொன்றாக, எழுத்துக் கூட்டி, கீழே இருந்த கையெழுத்துவரை வாசித்தார். நான்காவது கடிதத்தை முடிப்பதற்குள் சுவருக்கு அப்பாலிருந்து, "போதும்ணே, போதும்ணே" என்று குரல் வந்தது. உலக்கைக்கு வந்த சூடு ஏறி இறங்கும். இந்தச் சூடு நிதானமாக, ஒரே சீராக, மூலை முடுக்கெல்லாம் பரவியது. இத்தனை நாள் கோபம் தப்பான வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

இப்படிப் பதினான்கு வருடம் போனது. சூரியன் போலவும் மழை போலவும் மூன்று மணிக்கு நாகையா கோப்போடு உட்கார்ந்தார். கடிதங்கள் கூடிக்கொண்டே வந்ததால் எரிபொருளுக்குப் பஞ்சமில்லை. இராஜம்மா அப்பளம் சுபாங் ஜெயா வரை போனது. ஜெயராஜ் லோரியோடு பகாங் பக்கம் போனவன் திரும்பவில்லை, அங்கே வேறு குடும்பம் என்றார்கள். தீபாவளிக்குப் பலகாரம் மாற்றிக்கொண்டார்கள், மற்ற நாளில் இரண்டு வீடும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. 1984இல் ஒருநாள், அதில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று இராஜம்மா கேட்டாள். சொன்னதும் உள்ளே போய்த் தன் அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். அதுவும் சிவப்பு. நாகையா அவளைத் திட்டினார், இத்தனை வருடம் மனுப் போடாமல் மாவையா இடித்துக்கொண்டிருந்தாய் என்று. மனுவை அவரே நிரப்பினார். அதற்குப் பிறகு இருவரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே வரிசையில் நின்று, ஒரே ஜன்னலில் திருப்பி வாங்கிவந்தார்கள்.

1990 அக்டோபரில், ஐம்பத்தெட்டாம் வயதில், நாகையாவுக்கு நீல அட்டை கிடைத்தது. ஜன்னலில் இருந்த பெண் அவர் முதல் மனுப் போட்டபோது பிறந்திருக்கவே மாட்டாள். "தஹ்னியா, பாக்சிக்" என்று சிரித்து மலாயில் வாழ்த்தினாள். திட்டுவதற்கென்று முப்பது வருடமாகச் சேர்த்துவைத்திருந்த ஒரு வார்த்தையும் அந்த முகத்தைப் பார்த்து வரவில்லை. மழையில் நனைந்து வீட்டுக்கு வந்தார். மலிவுவிலை வீட்டுக்கான மனுவையும் வாங்கிவந்திருந்தார், இரண்டு அறை, கனமான சுவர் என்று சொன்னார்கள். மாரியாயி கேசரி கிண்டினாள். மூன்று மணிக்கு, பழக்கம் விடாமல், சுவரில் சாய்ந்தார்.

துள்ளி எழுந்தார். சட்டையின் முதுகுப்புறம் பொசுங்கியிருந்தது.

பதினேழு வருடத்தில் ஏழாம் வீட்டுப் பக்கம் சுவர் சுட்டதே இல்லை. எட்டாம் வீட்டில் உலக்கை விழவில்லை, மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. தபால்காரன் காலையில் அங்கே பழுப்பு உறை கொடுத்ததை மாரியாயி பார்த்திருந்தாள். அது என்ன கடிதம் என்று நாகையாவுக்குப் பிரிக்காமலே தெரியும், அந்த மனுவின் ஒவ்வொரு எழுத்தும் அவர் எழுதியது. தட்டிக் கூப்பிடலாமா என்று கையை ஓங்கினார். கூப்பிட்டு என்ன சொல்வது? பொறுமையா இரு, ஒருநாள் வரும் என்றா? நீல அட்டைக்காரர்கள் அவரிடம் முப்பது வருடம் சொன்னது அதுதான். சொன்ன ஒவ்வொருத்தனையும் அவர் மனதுக்குள் செருப்பால் அடித்திருக்கிறார். கையை இறக்கிக்கொண்டார்.

மாரியாயி நான்கு நாளாகக் காயாமல் கிடந்த துணிக் குவியலோடு வந்தாள். சுவரில் விரலை வைத்துப் பார்த்து, சட்டென்று எடுத்து, ஒன்றும் கேட்காமல், அவருடைய தொழிற்சாலைச் சட்டையை விரித்துச் சுவரில் அப்பினாள். ஆவி பறந்தது.

"சீக்கிரம் எடுத்துரு" என்றார் நாகையா. "கருகிப்போயிரும்."