எதிர்ப்பக்க நாற்காலி

இன்னொரு கண்ணாடியும் திரும்பி வந்துவிட்டது. போட்டதும் தலை சுற்றுகிறதாம், தரை மேலே எழும்பி வருகிறதாம். வலது கண்ணுக்கான லென்ஸ் இடது பக்கத்தில் இருந்தது. பொருத்தியவள் சிட்டு.

அந்தக் கண்ணாடிக் கடையின் மாடிப் பட்டறையில் நம்பிக்கையான கை என்றால் சிட்டுவின் கைதான். அம்மா இறந்த பிறகு அந்தப் பெயர் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. "பாவம், அவ மனசு ஒரு நிலையில இல்ல" என்றார்கள் எல்லாரும். அவளும் அதையே நம்பினாள். தன் கைகளையே யாரோ அயலாருடையவை போலப் பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

முதலாளி மேனேஜரம்மாவிடம் சொன்னது படிக்கட்டு வரை கேட்டது. "இன்னொண்ணு திரும்பி வந்தா அந்தப் பொண்ணை நிறுத்திடுங்க. பாவம் பார்த்துக் கடை நடத்த முடியாது."

"சரி சார். அதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பார்த்துடறேன்."

மறுநாள் காலை மேனேஜரம்மா மாடிக்கு வந்தார். பட்டறையில் அவருக்கு சோடாபுட்டி என்று பெயர். அது அவருக்கும் தெரியும்.

"எழுந்திரு சிட்டு. இன்னிக்கு நாற்காலி எனக்கு. நீ பக்கத்துல நின்னு சொல்லிக்குடு."

சிட்டு எழுந்து நாற்காலியை விட்டாள். தன் வேலையை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடு என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாதா? ஆனாலும் சொல்லிக்கொடுத்தாள்.

மேசைக்கு எதிரே மிஷின் அண்ணன் லென்ஸ்களை பிரேமின் அளவுக்குத் தேய்த்து, இரண்டு குழியுள்ள தட்டில் வலதும் இடதுமாக வைத்துத் தள்ளுவார். முன்பு சிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மா போய், லீவு முடிந்து வந்தபோது அந்த இடத்தில் புது மிஷின் நின்றது. அவள் நாற்காலி எதிர்ப்பக்கம் போயிருந்தது. அங்கே தட்டு வலது இடதாக மாறி வரும்.

"வந்ததும் இப்படித் திருப்பிக்கணும் மேடம்."

மேனேஜரம்மா திருப்பினார், பொருத்தினார். மற்ற பிரேம்களில் பக்கம் மாறினால் லென்ஸ் உட்காராமல் முரண்டு பிடிக்கும். வட்டக் கண்ணாடி மட்டும் எந்தப் பக்கம் வைத்தாலும் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வட்டம் வந்தது. திருப்பப் போனவர் கையை நிறுத்தினார்.

"அண்ணே, தள்றதுக்கு முன்னாடி தட்டைச் சுத்தினீங்களே, எதுக்கு?"

மிஷின் அண்ணன் முகம் சுண்டியது. "அது வந்து... இந்தப் பொண்ணு சில நேரம் கண் கலங்கி இருக்கும். அப்பல்லாம் நானே திருப்பி விட்டுடுவேன். இப்பவும் அழப்போற மாதிரி நின்னுச்சா, பழக்கத்துல..."

"அவகிட்ட சொன்னீங்களா?"

"செஞ்ச உதவியை யாராவது சொல்லிக் காட்டுவாங்களா மேடம்?"

சிட்டுவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் ஒரு தரம் திருப்ப, அவள் மறுபடி திருப்ப, வலது மறுபடியும் இடதாகியிருக்கிறது.

"நல்ல பாசம் போங்க! ஊருக்கே தலை சுத்த வெச்சுட்டீங்க." மேனேஜரம்மா கைப்பையிலிருந்து சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து, தட்டுகளின் வலது குழியிலெல்லாம் ஒரு பொட்டு வைத்தார்.

"எல்லாப் பழியையும் தட்டு மேல போட முடியாது மேடம்," என்றாள் சிட்டு மெதுவாக. "ஒண்ணு ரெண்டு நான் நிஜமாவே கவனிக்காம விட்டது."

"இருக்கும். மனசு சரியில்லாத அன்னிக்கு வட்டம் வேணாம்னு சொல்லு, வேற வேலை தரேன். என்கிட்ட வாயால சொல்லு. இவர்கிட்ட கண்ணால சொல்லாதே."

இரக்கம் அவளுக்கு நிறையவே கிடைத்திருந்தது. ஒவ்வொன்றும் அவளை ஒரு சுற்று சிறியவளாக்கியது. என்னதான் நடக்கிறது என்று பக்கத்தில் வந்து பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

மேனேஜரம்மா எழுந்து நாற்காலியைத் தட்டிக் கொடுத்தார். பிறகு ஒரு வட்ட பிரேமையும் ஒரு தட்டையும் அவள் முன் வைத்தார்.

"இது என்னோடது. ரெண்டு கண்ணு பவருக்கும் ஏணி வெச்சாலும் எட்டாது. நீ மாத்திப் போட்டேன்னு வை, படியில உருண்டு நேரா முதலாளி கால்லதான் விழுவேன்."

சிட்டு கைகளைத் துடைத்துக்கொண்டாள். அவை மறுபடி அவளுடையவையாக இருந்தன. சிவப்புப் பொட்டைத் தன் வலப்பக்கம் வைத்துப் பொருத்தி நீட்டினாள்.

மேனேஜரம்மா அதைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். ஒவ்வொரு காலடியாகக் கேட்டபடி அவள் மூச்சைப் பிடித்து நின்றாள். கீழிருந்து குரல் வந்தது.

"சிட்டு! முதலாளிக்கு இவ்ளோ நரைன்னு இன்னிக்குத்தான் தெரியுது!"

அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். எதிரே மிஷின் அண்ணன் அடுத்த தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"அப்படியே தள்ளுங்கண்ணே," என்றாள். "நான் திருப்பிக்கறேன்."