ரயில்வே கேட்டில் ஏசி

"குளிருதா புள்ள?" என்று வாப்பா கேட்டார்.

சித்திரை வெயிலில் எங்கள் கார் ராமநாதபுரம் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தது. ஏசி ஓடியும் எனக்குக் குளிரவில்லை. ஆனால் வாப்பாவின் கண் கெஞ்சியது. தலையாட்டினேன்.

"நவ்ஷாது, ஏசிய அமத்துப்பா. சூஃபியாவுக்குக் குளிருதாம். எனக்குந்தான்."

வண்டியை ஓட்டிய அண்ணன், எங்கள் பேச்சில் காக்கா, ஏசியை அணைத்தான். உதறிக்கொண்டிருந்த எஞ்சின் சீராக ஓடியது.

முந்தின வாரம் இதே கேட்டில்தான் கார் நின்றுபோனது. வேகத்துக்காகக் காக்கா எஞ்சினைப் பிரித்து, கேம்ஷாஃப்டை மாற்றி, பெரிய கார்புரேட்டரும் போட்டிருந்தான். ஈசிஆரில் பறக்கும். நிறுத்தினால்தான் வம்பு. ஏசி கம்ப்ரசர் இழுத்ததும் ஐடிலிங், அதாவது வண்டி நிற்கும்போது ஓடும் மெதுவான ஓட்டம், தாங்காமல் எஞ்சின் அணைந்துவிடும். அன்று கேட் திறந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. பின்னால் நின்ற மீன் வண்டிக்காரர் தலையை நீட்டி, "ஏலே, இது ரேஸ் காரா, தள்ளுற காரா? சீக்கிரம் தள்ளுங்கப்பா, என் நண்டெல்லாம் செத்துரும்!" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். காக்காவின் காது சிவந்ததை வாப்பா பின்சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் வாப்பாவுக்குக் குளிரத் தொடங்கியது. ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் முடிந்து ஊருக்கு, கீழக்கரைக்குத் திரும்பும்போது அவருக்கு உண்மையிலேயே நடுங்கும். அதனால் காக்கா நம்பிவிட்டான். போகும்போது அப்படியில்லை. பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து போவது நான்தான். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டிய மனிதர், சட்டை முதுகோடு ஒட்ட, "அல்ஹம்துலில்லாஹ், காத்து நல்லா வருது" என்பார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், காக்காவின் ஒர்க்‌ஷாப்புக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது சொல்லிவிட்டேன்.

"காக்கா, வாப்பாவுக்குக் குளிரல. வண்டி நின்னுருமேன்னுதான் அப்படிச் சொல்றாங்க."

காக்கா சாப்பிடவில்லை. ஏசி போட்டால் ஐடிலிங்கைத் தூக்கிக் கொடுக்கும் சின்ன வால்வை, தேவையில்லை என்று அவனே கழற்றிப் போட்டிருந்தான். பழைய இரும்புக் கடையில் இன்னொன்றைத் தேடிப் பிடித்து வந்து மாட்டினான். என்னை உள்ளே உட்காரச் சொன்னான்.

"ஏசியப் போடு. மீட்டர்ல எஞ்சின் வேகம் காட்டுற முள்ளு என்ன செய்யுது?"

"விழுது காக்கா."

"அமத்து. இப்பப் போடு."

"இப்பவும் விழுது."

ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்புவான், குனிந்து காது கொடுப்பான், மறுபடியும் திருப்புவான். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது, முள் லேசாகத் தாழ்ந்து உடனே நிமிர்ந்து நின்றது. காக்கா சிரிக்கவில்லை.

அடுத்த முறையும் கேட் மூடியிருந்தது. காக்கா யாரையும் கேட்காமல் ஏசியைக் கூட்டி வைத்தான். எஞ்சின் அசையாமல் ஓடியது.

"அமத்துப்பா, குளி..." என்று ஆரம்பித்த வாப்பா, பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

காக்கா ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தினான். வாப்பா சவூதியில் ஒரு வீட்டுக்கு டிரைவராக இருந்தவர். முதலாளியின் பிள்ளைகள் உள்ளே குளிர்ச்சியாக இருக்க, காரை ஓடவிட்டு வெளியே வெயிலில் நிற்பாராம். அவரே சொல்லியிருக்கிறார்.

காக்கா திரும்பிப் பார்க்காமல் கேட்டான்.

"அரபி புள்ளைககிட்ட வாயத் தொறக்காம இருந்தீங்க, சரி. அது சம்பளத்துக்கு. எங்கிட்டயும் அப்படித்தானா வாப்பா?"

வாப்பா கதவைத் திறந்தார். டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறி நரம்பு புடைத்த இடது கையை மார்போடு பிடித்துக்கொண்டு இறங்கி, உள்ளே போய்விட்டார்.