தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி

இந்தத் தடவை கதவைச் சாத்தச் சொல்ல வேண்டும். அதை மட்டும் மறக்கக் கூடாது.

லூசிண்டா டட்டில் மேசைத் துணியை நீவிக்கொண்டே இதை மூன்றாவது முறையாக மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். போன தடவை அவளுக்குப் பத்தொன்பது வயது. அப்பா அவள் பெயருக்கு விட்டுப்போன நியூயார்க் ஆப்பிள் தோட்டத்தை விற்கக் கையெழுத்துக் கேட்டார்கள். மனைவியைத் தனியறையில் வைத்து, புருஷனுடைய வற்புறுத்தல் இல்லாமல் சம்மதிக்கிறாளா என்று நீதிபதி விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். அவரும் விசாரித்தார். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அந்த இடைவெளியில் புருஷன் ஆரினுடைய பூட்ஸ் முனை தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே "சம்மதம்" என்றாள்.

அந்தத் தோட்டம்தான், அவர்கள் மிச்சிகன் காட்டுக்குக் குடிவந்ததும், மாவு மில்லின் இரண்டு அரவைக் கற்களாக மாறியது.

"பெக் வந்துட்டான்," என்று ஆரின் உள்ளே எட்டிப் பார்த்தான். "மூஞ்சியக் கொஞ்சம் சரியா வச்சுக்கோ. சாவு வீடு மாதிரி உக்காந்திருக்க."

இருபது வருஷத்தில் அவன் மாவு மில்காரன், ஊராட்சித் தலைவன் என்று ஏறி, இந்த நவம்பரில் சட்டசபைக்கும் தேர்வாகியிருந்தான். ஜனவரியில் தலைநகர் லான்சிங்குக்குப் போக வேண்டும். அதற்குள் மில், அணை, குளம், குளக்கரை வீடு எல்லாவற்றையும் டெட்ராய்ட் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட ஏற்பாடு.

"நான் எங்க போறது?" என்று போன வாரம் கேட்டாள்.

"என் தம்பி அமாசா வீடு இருக்கே. அவன் பொண்டாட்டிக்கு ஆறாவது பொறந்திருக்கு. ஒத்தாசைக்கு ஆள் இல்லாம தவிக்கிறா. சோறு போட மாட்டாங்களா என்ன?"

ஆரின் அவளுக்கு முன்னால் செத்தால் இந்தச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை அவள் உயிருள்ளவரை அனுபவிக்கலாம். சட்டம் அவளுக்கு விட்டுவைத்தது அது ஒன்றுதான். கையெழுத்துப் போட்டால் அதுவும் போய்விடும். போடாவிட்டால் கம்பெனி வாங்காது.

ஊர் நீதிபதி ஹைரம் பெக் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். ஒரு காலத்தில் இதே மில்லில் மூட்டை தூக்கியவன். நீதிபதி பதவி ஆரின் சேர்த்துக்கொடுத்த ஓட்டுகளால் வந்தது.

"என் சம்சாரம் இத்தனை வருஷத்துல என் பேச்ச ஒரு தடவ தட்டினதில்ல, பெக்," என்று ஆரின் சிரித்தான். "ஆனாலும் சட்டம்னா சட்டம். கேட்டுத் தொல."

வெளியே போனான். கதவு ஒரு சாண் திறந்தே இருந்தது.

"கதவச் சாத்து, ஹைரம்."

"எதுக்கும்மா? ஒரு நிமிஷ வேலை."

"தனியா விசாரிக்கணும்னுதானே சட்டம் சொல்லுது?"

பெக் தயங்கித் தயங்கிச் சாத்தினான். வெளியே நடந்துகொண்டிருந்த பூட்ஸ் நின்றது.

"இங்கம்மா. பென்சில் கோடு போட்டிருக்கேன் பாருங்க."

அவள் பேனாவைத் தொடவில்லை. காகிதத்தை முழுவதும் வாசித்தாள். கோட்டுக்குக் கீழே, பெக்கின் உருண்டை எழுத்தில் இருந்தது: மேற்படி லூசிண்டா, கணவர் இல்லாத தனியிடத்தில் விசாரிக்கப்பட்டபோது, அச்சமும் வற்புறுத்தலும் இன்றித் தன் சொந்த விருப்பப்படி ஒப்பமிட்டதாகச் சொன்னாள். மை காய்ந்து போயிருந்தது.

"இத எப்ப எழுதின?"

"காலையில. கடையில உக்காந்து."

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

"எல்லாரும் அதத்தானேம்மா சொல்றாங்க. முப்பது பொம்பளைங்ககிட்ட வாங்கியிருக்கேன். ஒருத்திகூட மாத்திச் சொன்னதில்ல."

"அவங்ககிட்ட கேட்டியா?"

பெக் தொப்பியின் விளிம்பைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

அவளுக்கு இந்தக் காட்டுக்கு வந்த இரண்டாவது வருஷத்து வசந்தம் நினைவு வந்தது. அணை உடைந்தபோது பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் இடுப்பளவு நின்று இரண்டு நாள் கல் எடுத்துக் கொடுத்தாள். அப்போது ஆறு மாதம். அந்த வாரமே வயிறு காலியானது. 'தன்னந்தனியாகக் காட்டை வென்று மில் எழுப்பியவர்' என்று தேர்தலின்போது பத்திரிகை எழுதியது. ஒருவன் உழைப்பை இன்னொருவன் தின்று வாழ்வது பாவம் என்று அடிமை முறையை எதிர்த்து ஆரின் மேடையில் முழங்கினான். கூட்டம் கைதட்டியது. அவன் சட்டைக் காலருக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்தவள் பின்வரிசையில் உட்கார்ந்து தானும் தட்டினாள். அந்தக் கைதட்டல்தான் இப்போது நினைக்கையில் கூசியது.

"என்ன பெக், உள்ள பைபிள் படிக்கிறீங்களா?" ஆரினின் குரல் கதவுக்கு மிக அருகில் கேட்டது.

பெக் குரலைத் தாழ்த்தினான். "அம்மா, அவரால வந்த பதவி இது. எனக்கும் குடும்பம் இருக்கு."

"தெரியும். மொத வருஷம் குளிர்காய்ச்சல்ல இந்த அடுப்படியிலதான் கெடந்த. உன் பொண்டாட்டி பேரச் சொல்லித்தான் பிதற்றின. நான்தான் பக்கத்துல இருந்தேன். கேளு, ஹைரம். ஒரு தடவ கேட்டுட்டு எழுது."

அவன் காகிதத்தைப் பார்த்தபடியே கேட்டான். "யாருக்கும் பயப்படாம, யாரும் வற்புறுத்தாம, உங்க சொந்த இஷ்டத்துல கையெழுத்துப் போடுறீங்களா?"

லூசிண்டாவுக்கே வியப்பாக இருந்தது. அந்தக் கேள்வி நல்ல கேள்வி. யாரோ, எங்கேயோ, ஒரு பெண் என்ன சொல்வாள் என்று உண்மையிலேயே யோசித்து எழுதியது போல இருந்தது.

"இல்ல," என்றாள். "போடல."

பேனாவின் முள்ளைத் துடைத்து மைக்கூட்டின் பக்கத்தில் வைத்தாள்.

கதவு படாரென்று திறந்தது. "முடிஞ்சுதா?"

காகிதத்தில் பென்சில் கோடு வெறுமையாக இருந்தது. அவள் சொன்னதாக எழுதிய வாக்கியம் மட்டும் அழகாகக் கீழே கிடந்தது.

"முடிஞ்சுது," என்றாள் லூசிண்டா, மேசைத் துணியை மறுபடி நீவியபடி. "அமாசா வீட்டுக்கு வேற ஆள் பாத்துக்கச் சொல்லிடுங்க."