மேரி டாலியின் பெயருக்கு எதிரே இருந்த சொல்

1847ஆம் ஆண்டு பரமட்டாவில் அடக்கம் செய்யப்பட்ட மேரி டாலி, 2013 ஆனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வென்ட்வேர்த்வில்லில் வசந்தினியின் குசினிக் கதிரையில் வந்து உட்கார்ந்தாள். அந்த வாரம் முருங்கைக்காய் கிலோ பதினாறு டொலர் விற்றது. வசந்தினி பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவளுக்கு அப்போது அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது.

படகில் வந்து அவளோடு தங்கியிருந்த தம்பி யசோதரனின் ஒரு கண்ணை ஊர்ச் சண்டையில் ஷெல்லடி கொண்டுபோயிருந்தது. மிஞ்சிய கண்ணின் விழித்திரை கிழிந்து, பார்வை நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டிருந்தது. விசா இன்னும் புதுப்பிக்கப்பட்டு வராததால் அரசு வைத்தியத்துக்கான மெடிகேர் அட்டை செல்லாது, வேலை செய்யவும் அனுமதி இல்லை. வசதியற்றவர் என்று ஒரு வார்த்தை சொன்னால் செலவில்லாமல் ஒப்பரேஷன் செய்ய வழியுண்டு என்று ஆஸ்பத்திரியில் ஒரு பெண் பக்குவமாகச் சொல்லிப்பார்த்தாள். வசந்தினியோ, எங்கள் அப்பா தபாலதிபராக இருந்தவர், எங்கள் வீட்டில் யாரும் கையேந்தியதில்லை, நானே கட்டுவேன் என்று எழுந்து வந்துவிட்டாள். முதியோர் இல்லத்தில் வேலைசெய்து வாங்கும் சம்பளத்தில் எப்படிக் கட்டுவது என்று அவளுக்கே தெரியாது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்பார்கள்; இவள் அதற்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் தம்பியிடம் சுவர்க்கடிகாரத்தைக் காட்டி நேரம் கேட்பாள். அந்தச் செவ்வாய்க்கிழமை யசோதரன், "எந்தச் சுவர், அக்கா?" என்றான்.

மேரியைக் கூட்டிவந்ததும் அதே மானம்தான். சனிக்கிழமைகளில் வசந்தினி பரமட்டாவின் பழைய தேவாலயம் ஒன்றில் அடக்கப் பதிவேடுகளைப் படித்து, மூதாதையரைத் தேடுகிறவர்களுக்குப் பதில் எழுதிவந்தாள். சில பெயர்களுக்கு எதிரே ‘பாப்பர்’ என்றிருக்கும். ஏதுமற்ற ஏழை என்று பொருள். பேரப்பிள்ளைகள் மனம் நோகுமே என்று அந்தச் சொல்லை மட்டும் விட்டுவிடுவாள். கிளென் வேவர்லியிலிருந்து மேரியைப் பற்றிக் கேட்ட ஆசிரியைக்கும் அப்படித்தான் எழுதினாள்.

வெள்ளிக்கிழமைக்குள், அந்தச் சொல்லை அவள் விட்டுவிட்ட இன்னும் பலர் வந்துவிட்டார்கள். சட்டைப்பைகளை வெளியே இழுத்துவிட்டபடி, வீட்டு வாசலிலிருந்து ரயில் ஸ்டேஷன் வரை வரிசையில் நின்றார்கள். கடைக்கார அரியரத்தினம் அது தன் கடைக்கான வரிசை என்று நம்பி ரொட்டி கூடுதலாகப் போட்டு நட்டப்பட்டார்.

மேரி பேசியது ஆங்கிலமாகத்தான் இருக்கவேண்டும். வசந்தினிக்கு அது யாழ்ப்பாணத் தமிழாகக் கேட்டது.

"அந்தச் சொல்லை ஏன் எடுத்தனீங்கள், தங்கச்சி? அது கிடந்தபடியாத்தான் என்னட்டை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. இப்ப குழி வெட்டினவன் வந்து கூலி கேக்கிறான்."

மேரிக்குத் தச்சனான புருஷன் இருந்தான், வீடும் இருந்தது. அவள் செத்த குளிர்காலத்தில் மட்டும் கையில் ஒன்றுமில்லை. பாதிரியாரும் குழிவெட்டியும் அவளிடம் எதுவும் வாங்கக்கூடாது என்பதற்காகவே அந்தச் சொல் எழுதப்பட்டிருந்தது. இதைக் கேட்ட வசந்தினிக்கு வெட்கமாக இருந்தது. தம்பியின் கண் போய்விடுமே என்ற பதற்றம் வெட்கத்தையும் மீறியது. சனிக்கிழமை காலை தேவாலயத்துக்குப் போய், விட்ட சொல்லைச் சேர்த்து எல்லோருக்கும் மறுபடி எழுதினாள். அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். தம்பியிடம் ஒன்றுமில்லை, என்னிடமும் இல்லை என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். வீடு திரும்பியபோது, ரயில் வந்ததும் கலைகிற கூட்டம்போல வரிசை கலைந்திருந்தது.

ஒப்பரேஷன் முடிந்து, கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்த அன்று யசோதரன் கடிகாரத்தைப் பார்த்து ஏழேகால் என்றான். வசந்தினி அழுதாள். பிறகு அவன் குசினிக்குள் பார்த்து, அந்தக் கதிரையில் இருப்பது யார் என்று கேட்டான்.

"அவ மேரி," என்றாள் வசந்தினி. "அவவிட்டை ஒண்டும் கேக்காதை."

யசோதரன் தலையாட்டிவிட்டு, பக்கத்துக் கதிரையை இழுத்து உட்கார்ந்தான்.