பர்திலோ வீட்டுப் பந்தி

விடுமுறைக்குக் கிளம்பும் முன் ஆளுக்கொரு நிபந்தனை போட்டோம். முப்பத்து நான்கு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ரெமி, ஒரு வாரத்துக்கு எந்த ஸ்டியரிங்கையும் தொட மாட்டேன் என்றான். தியெப் சந்தையில் மீன் கடை வைத்திருக்கும் ஜோசியான், தன் தட்டில் மீன் வரக் கூடாது என்றாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் நான், காலையில் என்னை யாரும் எழுப்பக் கூடாது என்றேன். மூவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அறுபதைத் தொட்டாயிற்று. கடற்கரைக்காரர்களான எங்களுக்கு ஒரு வாரமாவது கடல் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று உள்நாட்டு நகரமான திஜோனைப் பிடித்தோம்.

ஜூன் மாதம். சந்தைக் கட்டடத்துக்குப் பின்னால், இரண்டாம் மாடியில் ஒரு வீடு கிடைத்தது. முதல் மூன்று நாள் நாங்கள் செய்ததைச் சொன்னால் வெட்கக்கேடு. பத்து மணிக்கு எழுந்திருப்போம். சதுக்கத்தில் காப்பி குடிப்போம். சந்தையில் செர்ரி வாங்கிக்கொண்டு பூங்காவில் போய் உட்கார்ந்து யார் கொட்டையைத் தூரமாகத் துப்புகிறார்கள் என்று பார்ப்போம். சாயங்காலம் ஆனால் வெள்ளை ஒயினில் பிளாக்கரண்ட் பழ மது கலந்து ஒரு கிளாஸ். ஜோசியான் மட்டும் மீன் கடையைத் தாண்ட முடியாமல் தவித்தாள். தினமும் ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது புதுசா? இதுக்குப் பேரன் பேத்தி எல்லாம் எடுத்தாச்சு" என்று கடைக்காரரிடம் வம்பு இழுப்பாள்.

நான்காம் நாள் ஞாயிறு. அன்றைக்கு ஒரே ஒரு காரியம் வைத்திருந்தோம். பக்கத்துத் திராட்சை ஊரில் ஒரு ஒயின்காரர் தன் வீட்டிலேயே மதியச் சாப்பாடு போடுகிறார், கூடவே அவருடைய ஒயினையும் ருசி பார்க்கலாம் என்று சந்தையில் சீஸ் விற்கிற பெண் சொல்லியிருந்தாள். ஒரு துண்டுக் காகிதத்தில் "பர்திலோ, சான்வெரென்" என்று ஆள் பேரும் ஊர் பேரும் எழுதி, போன் நம்பரும் கொடுத்தாள். நான் போன் செய்தபோது ஓர் ஆண் குரல், "மூணு பேரா? பன்னண்டரைக்கு வாங்க. காலையில ஒண்ணும் சாப்பிட்டுட்டு வராதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டது.

சின்ன ஸ்டேஷனில் இறங்கி, திராட்சைக் கொடிகளுக்கு நடுவே அரை மணி நடந்தோம். கொடிகள் பூத்திருந்த நேரம். பூ என்று சொல்கிற மாதிரி கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் காற்றில் மெல்லிய இனிப்பு இருந்தது. ஊருக்குள் நுழைந்ததும் முதல் இரும்புக் கதவிலேயே "பர்திலோ" என்று எழுதியிருந்தது. உள்ளே நுழைந்தோம்.

முற்றத்தில் லிண்டன் மரத்தடியில் வெள்ளைத் துணி விரித்த நீள மேஜை. முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கட்டுமஸ்தான ஒரு பெரியவர் கையை விரித்துக்கொண்டு வந்து, எங்கள் மூவருக்கும் கன்னத்துக்கு இரண்டு முத்தம் கொடுத்தார்.

"வாங்க, வாங்க! இவ்வளவு நேரமா? ரயில் லேட்டா? ஆர்லெட், நம்ம ஆளுங்க வந்தாச்சு பாரு!"

மேஜையின் மறுகோடியிலிருந்து ஒரு பெண்மணி கையை ஆட்டினார். "உக்காருங்க, உக்காருங்க. முட்டை ஆறிடும்."

"ஒதில், என்ன உபசாரம்டீ!" என்று என் காதைக் கடித்தாள் ஜோசியான். "ஓட்டல்ல இப்படி முத்தம் குடுத்து யாரு வரவேற்கிறாங்க?"

எனக்கும் ஆச்சரியம்தான். ஆனால் சிவப்பு ஒயினில் வெந்த முட்டை எதிரில் வந்த பிறகு, யோசிக்கிற வேலையை வயிறு பார்த்துக்கொண்டது. அதற்குப் பிறகு பார்ஸ்லி போட்ட பன்றித் தொடை, பிறகு காளானோடு கோழி. பெரியவரின் பெயர் பெர்னான் என்று தெரிந்தது. அவரே கிளாஸ் கிளாஸாக ஊற்றிக்கொண்டு வந்தார். ஜோசியான் இருபது நிமிஷத்தில் மேஜையின் பாதியைச் சிரிக்க வைத்துவிட்டாள். ரெமிக்குப் பக்கத்தில் பெர்னானின் அத்தை ஒருவர், தொண்ணூறு வயது. காது கேட்காது. ரெமியோ பேசவே மாட்டான். இருவரும் ஒருவருக்கொருவர் ரொட்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டு, ஏக சிநேகமாகச் சாப்பிட்டார்கள்.

கோழி முடிந்து தட்டுகளை எடுக்கும்போது பெர்னான் எழுந்து கிளாஸைத் தட்டி, மனைவி ஆர்லெட்டைக் காட்டினார்.

"நாப்பது வருஷமா இந்தப் பொம்பளை என்னைச் சகிச்சுக்கிட்டு இருக்கா. அதுக்காகத்தான் இந்த விருந்து. அவ சைடுலேர்ந்து, ஓவெர்ன்லேர்ந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிற நம்ம சொந்தக்காரர் ரெண்டு வார்த்தை பேசணும்." அவர் கை ரெமியை நோக்கி நீண்டது.

ரெமியின் வாயில் ரொட்டி இருந்தது.

ஆர்லெட் எழுந்தார். "ஓவெர்ன்ல எனக்கு இவரை மாதிரி யாரும் இல்லையே. இவரு உன்கூடப் பட்டாளத்துல இருந்தவர்னுல்ல நினைச்சேன்!"

"என் பட்டாளத்துலயா? நான் இவரை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

முப்பது தலைகளும் எங்கள் பக்கம் திரும்பின. ஜோசியான் கையிலிருந்த கோழிக்காலை மெதுவாகத் தட்டில் வைத்தாள். நான்தான் வாயைத் திறக்க வேண்டியிருந்தது. சாப்பாட்டுக்குப் போனில் சொல்லி வைத்ததையும், கதவில் பெயரைப் பார்த்து நுழைந்ததையும் சொன்னேன்.

மேஜை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. பெர்னானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நான் யாருக்கும் சாப்பாடு போடறதில்லைம்மா! ஒயின் மட்டும்தான். யாரு உங்களை..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். சிரிப்பு வடிந்துவிட்டது.

"குளோவிஸ்தான்" என்றார் ஆர்லெட், தாழ்ந்த குரலில். "அடுத்த வீடு. இவரோட தம்பி."

அடுத்த வீட்டுக் கதவிலும் பர்திலோ என்றுதான் இருக்கும். அண்ணன் தம்பி பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. அப்பா வைத்த பழைய சிவப்புக் கொடிகளைத் தம்பி வேரோடு பிடுங்கி, மேட்டு நிலம் முழுவதும் வெள்ளைத் திராட்சை நட்டார். "அப்பாவை ரெண்டாவது தடவை புதைச்சிட்டான்" என்று அண்ணன் ஊரறியச் சொன்னார். அவ்வளவுதான். இடையில் இருப்பது ஓராள் உயரக் கல் சுவர். இதெல்லாம் பக்கத்தில் இருந்த மருமகள் என் காதில் முணுமுணுத்தது.

"அப்போ அந்த மனுஷர் ரெண்டு மணி நேரமா நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காரா?" என்றாள் ஜோசியான்.

"நான் போன் பண்ணி மன்னிப்பு கேக்கறேன்" என்று பையைத் துழாவினேன்.

ரெமி எழுந்தான். வாயைத் துடைத்துக்கொண்டான். அத்தையின் தோளைத் தட்டிவிட்டு, "போன்ல வேணாம். நான் போய்ச் சொல்லிட்டு வரேன்" என்றான். யாரும் தடுக்கும் முன் கதவைத் தாண்டிவிட்டான்.

பத்து நிமிஷம். பெர்னான் உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. ஒரு பாட்டிலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு ரெமி வந்தான். அவனுக்குப் பின்னால், இடுப்பில் ஏப்ரனும் கையில் கரண்டியுமாக, ஒல்லியான ஒருவர் கதவு வரை வந்து நின்றார். உள்ளே காலை வைக்கவில்லை.

"என் விருந்தாளிங்களை நீ எப்படிப் பிடிச்சு வெச்சுக்கலாம்?"

பதினோரு வருஷத்துக்குப் பிறகு தம்பி பேசிய முதல் வார்த்தை அது.

"அவங்களா நடந்து வந்தாங்க. நான் என்ன கயிறு கட்டியா இழுத்தேன்?" என்றார் அண்ணன்.

"விடியக்காலையிலேர்ந்து மாட்டுக்கறி வெந்துக்கிட்டு இருக்கு. எட்டு மணி நேரம்!"

"உன் கறி வெந்தா எனக்கென்ன? அப்பாவோட கொடியைப் பிடுங்கறப்ப எட்டு நிமிஷம் யோசிச்சியா?"

"செத்த கொடி அது! வருஷத்துக்கு ஒரு கூடைகூடக் காய்க்கல. அப்பாவே பிடுங்கணும்னு சொல்லிட்டு இருந்தாரு. உனக்குத்தான் காது கேக்கல."

"எங்கிட்டச் சொன்னதே இல்ல!"

"நீ எப்ப யாரைப் பேச விட்ட?"

எனக்கு எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாம் போல் இருந்தது. அந்த நேரத்தில்தான் தொண்ணூறு வயது அத்தை மேஜையைத் தட்டி, "என்ன சொல்றாங்க? ஒண்ணும் கேக்கலையே!" என்று கத்தினார்.

ஆர்லெட் ஒரு நாற்காலியை இழுத்து அத்தைக்குப் பக்கத்தில் போட்டார். "குளோவிஸ், சண்டை போடறதுன்னா உள்ள வந்து உக்காந்து போடு. அத்தை பாவம், பதினோரு வருஷமா இந்தச் சண்டையைப் பத்தி மத்தவங்க சொல்லித்தான் கேட்டிருக்காங்க. நேர்ல கேக்கட்டும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குளோவிஸ் கரண்டியைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். "அண்ணி, நான் சாப்பிட வரல" என்றபடியே உள்ளே வந்து உட்கார்ந்தார். சீஸ் தட்டு வந்துவிட்டது. முன்னால் வைத்ததைத் தள்ள முடியாமல் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். பெர்னான் அவருடைய கிளாஸில் ஊற்றினார். தம்பி முகர்ந்து, ஒரு வாய் குடித்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"சீக்கிரமாத் திறந்துட்ட. இன்னும் ரெண்டு வருஷம் பாட்டிலை நிலவறையில படுக்கப் போட்டிருக்கணும்."

"அப்படியா? அப்ப ரெண்டாவது கிளாஸுக்கு எதுக்குக் கையை நீட்டற?"

"இளசா இருக்கேன்னு பரிதாபம்தான்."

அதற்கும் பெர்னான் ஊற்றினார். இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். ஊர் மேயர் ஒரு முட்டாள் என்பதில் இருவருக்கும் அபிப்பிராய பேதம் இருக்கவில்லை. பிறகு கொடிகளில் வரும் ஏதோ பூசணம். அது எங்களுக்குப் புரியவில்லை. ஜோசியான் கூட அன்றைக்கு முதல் முறையாக வாயை மூடிக்கொண்டு கேட்டாள்.

சற்று நேரம் கழித்துப் பெர்னான், யாரையும் பார்க்காமல், மேஜை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "அந்த வெள்ளை... எப்படி வருது?"

"ஒரு தடவைகூடக் குடிச்சுப் பாக்கலையா?"

"யாரு குடுத்தா?"

குளோவிஸ் எழுந்து விறுவிறுவென்று வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நினைத்தேன். கதவருகில் திரும்பி, "ஏம்பா, நீயும் வா. தூக்க ஆள் வேணும்" என்று ரெமியைக் கூப்பிட்டார்.

இருவருமாக ஒரு பெரிய இரும்புச் சட்டியை ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். குளோவிஸின் இரண்டு அக்குளிலும் ஒவ்வொரு பாட்டில்.

பெர்னான் அந்த வெள்ளை ஒயினைக் குடித்ததை நான் மறக்க மாட்டேன். முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். பிறகு ஒரு சின்ன மிடறு. வாய்க்குள் வைத்துக்கொண்டு வெகுநேரம் விழுங்கவே இல்லை. தம்பி அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்லு வாசம் வருது" என்றார் பெர்னான் கடைசியில். "மேட்டுக் கல்லு. மழை பெஞ்சா அப்பா கையில எடுத்து மோந்து பாப்பாரே, அந்த வாசம்."

குளோவிஸ் மூக்கை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு சட்டியின் மூடியைத் திறந்தார். "விருந்தாளிங்க முதல்ல" என்று எங்கள் மூன்று பேர் தட்டிலும் கறியை அள்ளி வைத்தார். மணி நாலரை. இரண்டாவது மதியச் சாப்பாட்டை ஆரம்பித்தோம். சும்மா சொல்லக் கூடாது, கறி வெண்ணெய் மாதிரி இருந்தது. அத்தை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

"நீ பேசவே இல்லையே!" என்று ஆர்லெட் ரெமியைப் பிடித்துக்கொண்டார். "சொந்தக்காரனா இல்லாட்டி என்ன? பேசு."

ரெமி எழுந்து நின்றான். "நாப்பது வருஷம் ஒரே வண்டியில போறது சாதாரணமில்ல" என்றான். "நல்லபடியாப் போங்க." உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு அதைவிடப் பெரிய கைதட்டல் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை.

ஏழு மணி ரயிலுக்கு எழுந்தபோது வெயில் இன்னும் மேட்டின் மேல் இருந்தது. கிளம்பும்போது அண்ணனும் தம்பியும் எங்களை வழியனுப்பக்கூட எழுந்திருக்கவில்லை. எந்த வருஷம் ஆலங்கட்டி மழை பெய்தது என்று தகராறு. ஆர்லெட்தான் கதவு வரை வந்து, எங்கள் கையில் கேக் பொட்டலத்தைத் திணித்தார். என் கையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

ரயிலில் ஜோசியான் ரெமியைக் குடைந்தாள். "டேய், அவரு வீட்டுக்குப் போய் அப்படி என்னதான்டா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"சொல்றியா, ஜன்னல் வழியாத் தள்ளவா?"

"மேஜை போட்டு, மூணு தட்டு வெச்சு உக்காந்திருந்தாரு. பூ வேற வெச்சிருந்தாரு. தப்பு எங்களுது, பக்கத்து வீட்ல சாப்பிட்டுட்டோம்னேன். திட்டணும்னா என்னைத் திட்டுங்க, இல்ல அங்க வந்து எல்லாரையும் சேத்துத் திட்டுங்க, இப்பதான் சீஸ் வருதுன்னேன். எழுந்துட்டாரு."

ஜோசியான் சிரித்த சிரிப்பில் எதிர் சீட்டுக் குழந்தை விழித்துக்கொண்டது.

திங்களும் செவ்வாயும் எங்கும் போகவில்லை. வயிறு இடம் கொடுக்கவில்லை. புதன்கிழமை சதுக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. குளோவிஸ்.

"காலையில ஆறு மணிக்கு அண்ணன் வந்துட்டான்மா" என்றார். "கொடிக்குக் கம்பி கட்டினதெல்லாம் தப்பாம். ஒவ்வொரு வரிசையாப் போய் ஒரு மணி நேரம் என்னைத் திட்டினான். நாளைக்கும் வரானாம், மிச்சத்தைத் திட்ட." மூச்சு வாங்காமல் சொன்னார். இத்தனை சந்தோஷமாக ஒரு மனிதர் புகார் சொல்லி நான் கேட்டதில்லை.

போனை வைத்துவிட்டு மற்ற இருவரிடமும் சொன்னேன். ரெமி தலையை ஆட்டிவிட்டுத் தன் காப்பியில் இன்னொரு சர்க்கரைக் கட்டியைப் போட்டான். ஜோசியான் செருப்பைக் கழற்றி, காலை எதிர் நாற்காலியில் நீட்டிக்கொண்டு, பரிசாரகரை இன்னொரு ரொட்டிக்குக் கூப்பிட்டாள்.