வேலி தாண்டிய பந்து

சூரமங்கலத்தில் ரயில்வே துரைமார் கோல்ப் விளையாடும் மைதானத்துக்கு மேற்கே, கிளுவை வேலிக்கு அந்தப்பக்கம் மயில்சாமியின் கடலைக்காடு. மற்றவர்கள் அடிக்கும் பந்து மைதானத்துக்குள்ளேயே விழுந்துவிடும். பிளேக்லி துரையின் பந்து மட்டும் வேலியைத் தாண்டும். அதில் அவருக்குப் பெருமை.

முப்பத்தொன்றாம் வருஷம் தை மாதம், குனிந்து களை வெட்டிக்கொண்டிருந்த மயில்சாமி நிமிர்ந்த நேரத்தில் அந்தப் பந்து அவன் வலது கண்ணில் வந்து அடித்தது. கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து கணவனை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, சௌந்திரம் நேரே கிளப்புக்குப் போனாள். பிளேக்லி துரை நாற்காலியில் சாய்ந்தபடி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கிளப் ரைட்டர் அர்த்தநாரி அதைத் தமிழில் சொல்லத் தயங்கினார்.

"பந்து வர்ற எடத்துல உம் புருசன் எதுக்கு நின்னான்னு கேக்கறாரும்மா."

"எங்க காட்டுல நாங்க நிக்காம வேற ஆருங்க நிப்பாங்க?"

அவள் அழவில்லை. கிளப் செகரட்டரியான கிழ துரைக்கு மனசு கேட்கவில்லை. வேலியை உயர்த்தித் தருவதாகச் சொன்னார்.

"வேலி வேண்டாஞ் சாமி. அந்தாளு பந்து எங்க காட்டுக்கு வரப்படாது. ஒண்ணு அவரு கைய ஒடிங்க, இல்லீன்னா பந்த ஒடிங்க" என்றாள் சௌந்திரம்.

பந்து அளவுக்கு மீறித் தூரம் போகிறதென்று அமெரிக்காவில் அந்த வருஷம்தான் புதுப் பந்து வந்திருந்தது. கொஞ்சம் பெரிசு, எடை குறைவு. செகரட்டரி அதை வரவழைத்து, இந்த மைதானத்தில் இனி இதுதான் என்று அறிவித்தார். பலரும் முணுமுணுத்தார்கள். ஆனால் அதிகம் அடிவாங்கியவர் பிளேக்லிதான். ஆடிக்காற்று வீசத் தொடங்கியதும், அவர் பலம் கொண்ட மட்டும் அடித்த பந்து மேலே ஏறி, அந்தரத்தில் தயங்கி, பாதி தூரத்திலேயே விழுந்தது. தாழ்வாக, நேராக, சின்னதாக அடிக்கும் குண்டான ரயில்வே டாக்டரிடம் அவர் அடுத்தடுத்துத் தோற்றார். சௌந்திரம் களைக்கொத்தோடு வேலியோரம் நின்று பார்ப்பாள். பந்து விழும்போதெல்லாம் அவர் கண்ணில் படும்படி சிரிப்பாள்.

கோப்பைக்கான ஆட்டமும் அந்த டாக்டரோடுதான். கடைசிக் குழிக்கு முந்தின குழியில், பிளேக்லி அடித்த பந்து காற்றைக் கிழித்துக்கொண்டு வேலியைத் தாண்டிக் கடலைக்காட்டில் வந்து விழுந்தது. சௌந்திரம் ஓடிப்போய் எடுத்தாள். கைக்குள் அடங்கியது, கனத்தது. வேலியோரம் உருண்டு வந்த புதுப் பந்துகளை அவள் தொட்டுப் பார்த்திருக்கிறாள். இது பழைய பந்து.

பிளேக்லி மற்றவர்களுக்கு முன்னால் ஓடி வந்தார். தொப்பியைக் கழற்றினார். "பந்து கொடு அம்மா. தயவு செய்து" என்றார், தெரிந்த தமிழில்.

கிணற்றடியிலிருந்து வந்த மயில்சாமி, "குடுத்துரு புள்ளே. நமக்கெதுக்குப் பொல்லாப்பு?" என்றான்.

"நீங்க சும்மா இருங்க."

அவள் பந்தை மடியில் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள். செகரட்டரியும் டாக்டரும் வந்து சேர்ந்த பிறகு, பிளேக்லியைத் தாண்டி நடந்து, பந்தைச் செகரட்டரி கையில் வைத்தாள். அவர் டாக்டரின் பந்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்தது. பிளேக்லியின் முகம் கழுத்துவரை சிவந்தது.

கிளப்பில் அவர் பெயரை அடித்துவிட்டார்கள். யாரும் அவரோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அடுத்த மாசமே அவர் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் ரயிலேறும் நாளில், சௌந்திரம் கணவனை ஜங்ஷனுக்கு இழுத்துப் போனாள். முதல் வகுப்புப் பெட்டிக்கு எதிரே அவனை நிறுத்தி, கண்ணை மறைத்திருந்த துணியை அவிழ்த்தாள். மயில்சாமி கூச்சத்தில் தலை குனிந்தான். அவள் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

பிளேக்லி ஜன்னல் வழியே பார்த்தார். உடனே பலகையை இழுத்து மூடினார்.

"போதுமா? இதுனால எனக்குக் கண்ணு வந்துருச்சா?" என்று கேட்டான் மயில்சாமி.

"வல்லீங்க. ஆனா அவன் பாத்துட்டான்."

"வா, தண்ணி கட்டோணும்."

"வண்டி போவட்டுங்க" என்றாள். கடைசிப் பெட்டி போகும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.