செத்த என்றால் சாவு அல்ல

1

ஒரு சொல்லைத் தப்பாகப் படித்த ஆளால் பிறந்த கதை இது. கோபத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘திண்டுக்கல் பக்கம் எரியோட்டில் ஓர் ஏழை விவசாயியின் மகளாகக் கண்ணீரும் கம்பலையுமாக…’

(அடித்துவிட்டேன். கதாநாயகி வீட்டின் முதல் பட்டதாரி என்றாலே இந்த வரி தானாக வந்து விழுகிறது. நாகஜோதியின் அப்பாவுக்குக் கண்ணீர் விட நேரமில்லை. முருங்கைக்கு மருந்தடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்.)

2

நாகஜோதி திண்டுக்கல்லில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். திரும்பத் திரும்பத் தேவைப்படும் நிரல் வரிகளை எடிட்டரில் சேமித்து, ஒவ்வொரு துணுக்குக்கும் ஒரு சுருக்கச் சொல் வைத்திருந்தாள். சொல்லை அடித்தால் இருபது வரியும் வந்து கொட்டும். எல்லாம் ஆங்கில எழுத்தில் அடிக்கும் ஊர்ப்பேச்சு. ‘வாரேன்’ என்றால் உள்நுழையும் பக்கம். ‘அம்புட்டு’ என்றால் முழுப் பட்டியல். ‘செத்த’ என்றால், இணைப்பு அறுந்தால் செத்த நேரம், அதாவது கொஞ்ச நேரம், பொறுத்து மறுபடி முயலும். இரண்டு வருட உழைப்பு.

சென்னையிலிருந்து வந்த டீம் லீடர் மோகன்குமார் அந்தக் கோப்பைப் பொது ஃபோல்டரில் போட்டார். முதல் வரியிலிருந்த அவள் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரை வைத்தார்.

(இவரைக் கொஞ்சம் நல்லவராக எழுதலாமே என்றாள் தோழி. ‘மோகன்குமாருக்கும் ஆயிரம் கவலை…’ வேண்டாம். அவர் கவலையை அவர் எழுதட்டும்.)

3

தோல் மண்டி நடத்தும் ஜெய்தூன் பீவிக்கு, அவர் கேட்ட செயலியைக் காட்டும் நாள். இணைப்பு போனால் உடனே அறிவிப்பு வரும் என்று சொல்லி, மோகன்குமார் கம்பியைப் பிடுங்கினார். அந்த இடத்தில் அவர் போட்டிருந்தது ‘செத்த’. திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

“என்னப்பா, செக்குமாடு கணக்கா சுத்துது?” என்றார் ஜெய்தூன் பீவி.

மோகன்குமார் திரும்பினார். “நாகஜோதி! சர்வர் செத்தா வர்ற மெசேஜ் எங்க?”

“அது செத்த நேரம் சார். சாவு இல்ல.”

“என்ன லாங்குவேஜ் இது?”

“எங்க லாங்குவேஜ். பேரு மட்டும் உங்களுது.”

ஜெய்தூன் பீவி சிரித்துவிட்டார். “எழுதுனவருக்கே அர்த்தம் தெரியலயா தம்பி?”

4

ஜெய்தூன் பீவி போனதும் மோகன்குமார் சொன்னார்: “எல்லாத்தையும் இங்கிலீஷ்ல மாத்து. இல்லேன்னா நாளைக்கு வராத.”

முடிவு அ: அவள் மாற்றினா… (அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: ராஜினாமாவை அவர் முகத்தில் விட்டெறிந்து… (எதற்கு? வேலை அவளுடையது.)

அவள் கோப்பைத் திறந்தாள். முதல் வரியில் அவர் பெயரை அழித்தாள். ‘எழுதியவள்: நாகஜோதி’ என்று அடித்துச் சேமித்தாள். நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார் மோகன்குமார்.

“எடு அதை.”

“எடுக்க மாட்டேன் சார்.”

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. அவள் பயந்துபோய் அழித்துவிட்டாள் என்று உங்களுக்குத் தோன்றினால், அந்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அடியில் உங்கள் பெயரைப் போட்டு.